ஜூன் மாதத்தில் புகை இல்லை

ஷரீஃபாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. இருமலைத்தான் தெரியும். முதலில் சின்னதாக இரண்டு, பிறகு ஓர் இடைவெளி, பிறகு மூச்சு முட்டும்படி நீளமாக ஒன்று. அது முடிந்ததும் டீச்சரின் குரல் வரும். "ஷரீஃபா, வெள்ளம் குடி." பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் பாயில் படுத்தபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மட்டாஞ்சேரியில் கமாலுதீன் ராவுத்தரின் ஏலக்காய்ப் பண்டகசாலையில் எனக்கு இரவு வேலை. கந்தகம் எரிப்பது. காய்ந்த ஏலக்காய் பழுப்பும் பச்சையுமாகக் கலந்து கிடக்கும். கப்பலில் போகும் சரக்கு வெளுப்பாக இருக்க வேண்டும். அதனால் காயை மூங்கில் தட்டுகளில் பரப்பி, சின்ன அறை ஒன்றில் அடுக்கி, தரையில் இரும்புச் சட்டியில் கந்தகத்தைக் கொளுத்திவிட்டுக் கதவை அடைத்துவிடுவேன். விடியும்வரை புகை காயின் நிறத்தைத் தின்னும். ஏழு மணிக்கு ராவுத்தர் வந்து நாலு காயைக் கையில் உருட்டிப் பார்த்து "மதிடா, போதும்" என்பார். புகையைத் திறந்துவிட்டு நான் படுக்கப் போவேன்.

எர்ணாகுளத்தில் கல்லூரியைப் பாதியில் விட்டபோது இந்த வேலையை ஒரு சீசனுக்கு என்றுதான் எடுத்தேன். 1962-இல் அது ஆறாவது சீசன்.

வரிசையாக மூன்று அறைகள். முதலில் புகை அறை, நடுவில் நான், கடைசியில் குழந்தைகள். அந்தக் கடைசி அறையை ராவுத்தர் நர்சரிக்கு வாடகையில்லாமல் கொடுத்திருந்தார். பஜாரில் அதனால் அவருக்கு நல்ல பெயர். நடத்தியது பாக்கியலக்ஷ்மி டீச்சர். பக்கத்துச் சேர்லாயில் தலைமுறைகளாக இருக்கும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். மூன்று முதல் ஐந்து வயது வரை இருபத்திரண்டு பிள்ளைகள். பாட்டு தமிழில், திட்டு மலையாளத்தில்.

நான் யாருடனும் பேசுவதில்லை. பேச ஆளில்லை என்பதே சரி. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறான், எழுதுவதில்லை. சாயாக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்துகொள்வார். கந்தகம் துணியிலிருந்து போகாது, தோலிலிருந்தும் போகாது. ஆகவே ஒரு நாளில் என் காதில் விழும் மனிதக் குரல்கள் அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்தவைதான். ஏழை விட்டுவிட்டு ஆறிலிருந்து எட்டுக்குத் தாவும் ஒரு பையன். எதற்கெடுத்தாலும் "எனிக்கு வேண்டா" என்று கத்தும் ஒரு பெண். ஒன்பதரைக்கு அவர்கள் பாட ஆரம்பித்தால் பத்து மணிக்கு எனக்குத் தூக்கம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தூக்கம் வராது.

புகை அறைக்கு இரண்டு திறப்புகள். ஒன்று தெருவைப் பார்த்து, மற்றொன்று பின்முற்றத்தைப் பார்த்து. முதல் இரண்டு சீசனில் தெருப்பக்கம்தான் திறந்தேன். அரிசிக் கடைக்காரர்களும் சுக்குக் கடைக்காரர்களும் கூட்டமாக வந்து ராவுத்தரைப் பிடித்துக்கொண்டார்கள். சரக்கில் நாற்றம் ஏறுகிறதாம். அன்றே தெருத் திறப்பில் ஆணி அடித்தார்கள். அப்புறம் நர்சரி வந்தது. பின்முற்றத்தில்தான் அதன் ஜன்னல். டிசம்பர்க் காலையில் காற்று அசையாது. புகை முற்றத்தில் தேங்கி நிற்கும், பலகை இடுக்கில் வரும். இருபத்திரண்டு பேருக்கும் கூட்டம் சேர்த்துச் சண்டை போடத் தெரியாது.

ஷரீஃபா மூன்று வயதில் சேர்ந்தாள். ஓணம் முடிந்து மலைச்சரக்கு வரத் தொடங்கியதும் இருமினாள். மாசியில் சரக்கு நின்றதும் நிறுத்தினாள். அடுத்த வருஷமும் அப்படியே. எனக்கு முதல் வருஷமே தெரியும். சட்டியில் கந்தகம் கூடப் போட்ட மறுநாள் நீள இருமல் கூடும். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். வாயைத் திறந்தால் நர்சரியை மூடுவார்கள், புகையை அல்ல. அதுவும் தெரியும். அதனால் இரண்டு சீசன் சும்மா இருந்தேன்.

அவள் வந்த மூன்றாவது சீசனில், நவம்பரில் ஒரு நாள், நீள இருமல் நிற்கவில்லை. டீச்சர் "வெள்ளம் குடி" என்று சொல்லவில்லை. யாரோ ஓடும் சத்தம், "தூக்கு, தூக்கு" என்று டீச்சரின் அலறல். பாட்டு நின்றது. பிறகு எங்கோ முற்றத்துக் கோடியில் அந்த இருமல் திரும்பக் கேட்டது. நான் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். அன்று முழுக்கத் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் டீச்சர் பூட்டைத் திறக்கும்போது போய் நின்றேன்.

"டீச்சர், புகை உள்ள வருது. அந்தப் பிள்ளைக்கு ஆகலை."

அவள் ஓரடி தள்ளி நின்று முந்தானையை மூக்கருகில் பிடித்துக்கொண்டாள். "கந்தகம்தானே? கொசுவுக்கு அதுதான் மருந்து. இந்த ஊர்ல மந்துக்கால் வராம குழந்தைகளைக் காப்பாத்தறதே பெரிய பாடு. அம்மாக்கள் எல்லாம் என்ன சொல்றா தெரியுமா? இந்த நர்சரில மட்டும்தான் ஒரு கொசு இல்லையாம். ஷரீஃபாவுக்கு அது பொறப்புலயே உள்ளது. அவ வாப்பாவுக்கும் இழுப்பு உண்டு."

கொச்சியில் பாதிப் பேர் வீங்கிய யானைக்காலோடு நடந்த காலம். அவள் சொன்னதைத் தப்பென்று யாரும் சொல்லமாட்டார்கள். நர்சரிக்கான நகரசபைப் படிவத்திலேயே கொசுவுக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. புகைக்கு ஒரு வரிகூட இல்லை.

ராவுத்தரிடம் கேட்டேன். தெருத் திறப்பின் ஆணியைப் பிடுங்கட்டுமா என்று.

"எடா முத்து, பஜாரோட வழக்குக்குப் போகணுமா நான்? காலையில கொஞ்சம் லேட்டா வரச் சொல்லு பிள்ளைங்களை."

"புகை மத்தியானம் வரைக்கும் நிக்குது, முதலாளி."

"நீ அதுக்குள்ளதான கெடக்குற? செத்தா போனே?"

செத்துப்போகவில்லைதான்.

நகரசபையில் சுகாதார இன்ஸ்பெக்டர் வெங்கிட்டு சார். நர்சரிக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில் அவர் வருவார். கிணற்று மூடி, கக்கூஸ், கதவு, ஜன்னல், கூரை ஓடு எல்லாவற்றையும் உண்மையாகவே பார்ப்பார். கைநீட்டும் ஆள் அல்ல. ஆனால் ஜூனில் ஏலக்காய் கிடையாது. புகை அறை காலியாகக் கிடக்கும், மழை அடித்துக் கழுவியிருக்கும். மூன்று ஜூனிலும் 'காற்றோட்டம் நன்று' என்று எழுதிப்போனார். பொய் எழுதவில்லை.

வேலை முடிந்த கோலத்திலேயே அவர் ஆபீசுக்குப் போனேன். பியூன் மூக்கைப் பொத்தினான். சார் பொத்தவில்லை. மேஜையில் மூக்குப்பொடி மட்டை இருந்தது.

"ஜூன்லதான் பாத்தாச்சே. ஒக்க சரியா இருந்துதே."

"ஜூன்ல புகை இல்லை சார். இப்ப வாங்க. காலையில ஒன்பதே முக்காலுக்கு."

"நீ யாரு?"

"புகை போடுறவன்."

பொடியை உறிஞ்ச எடுத்த விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உன் வேலை போயிடும். மனசிலாச்சா?"

"ஆச்சு சார்."

"நர்சரியும் போயிடும்."

"அதுவும் தெரியும்."

"பின்னே உனக்கு என்னடா இதுல?"

அவர் நாட்காட்டியைப் பார்த்து வியாழக்கிழமையில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

வியாழக்கிழமை நான் பாயில் படுக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பரிசோதனையை நான் பார்க்கவில்லை, கேட்டேன்.

"நமஸ்தே சா...ர்" என்று இருபத்திரண்டு பேர் இழுத்தார்கள்.

"இருங்கோ, இருங்கோ. டீச்சர், ஜூன்ல ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்ன சார் விட்டுப்போச்சு? கக்கூஸ்லேர்ந்து கெணத்து மூடி வரைக்கும் பாத்தேளே!"

"மூக்கு விட்டுப்போச்சு." மட்டையைத் தட்டும் சத்தம். "ஆனா எங்கிட்ட அது இல்லை. பொடி போட்டுப் போட்டு இருவது வருஷம் முன்னாடியே போயிடுத்து. உங்களுக்கு ஏதாவது வாடை தெரியறதோ?"

"கொஞ்சம் மருந்து வாசனை. கொசு வராது சார். நல்லதுதானே."

"நல்லதுதான்."

செருப்புச் சத்தம் அறையைச் சுற்றியது. ஜன்னலைத் திறந்து மூடினார். காகிதம் சரசரத்தது. முடிந்தது என்று நினைத்தேன். மூக்கில்லாதவரிடம் நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. நிம்மதி. நாளையும் பாடுவார்கள்.

"இந்தத் தோரணம் என்ன, இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"அதை ஏன் கேக்கறேள். ஓணத்துக்குக் கட்டினது. பிச்சைமணி கடைக் காகிதம், சாயமே நிக்கலை. நான் போய் அந்த மனுஷனை நன்னா கேட்டுட்டு வந்தேன்."

"ஓஹோ. வாசல் பக்கம் இருக்கறது நல்ல சிவப்பா இருக்கே. அது எந்தக் கடை?"

"அதுவும் அங்கேதான். ஒரே கட்டு."

"ஒரே கட்டு," என்றார் சார்.

செருப்புச் சத்தம் வாசலிலிருந்து மெல்ல என் சுவரை நோக்கி வந்தது. ஒவ்வோர் அடியிலும் நின்று நின்று வந்தது. பலகை இடுக்கு வழியாக ஒரு விரல் நுனி என் அறைக்குள் நீண்டது. பொடிக் கறை படிந்த விரல். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுப் பின்னுக்குப் போனது.

"டீச்சர், அந்தப் பக்கம் ஏலக்காயை வெளுக்கறா. இந்தப் பக்கம் காகிதம் வெளுத்திருக்கு."

அப்போது ஷரீஃபா இருமினாள். சின்னதாக இரண்டு, ஓர் இடைவெளி, நீளமாக ஒன்று. யாரும் அவளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை.

சனிக்கிழமை உத்தரவு வந்தது. புகை அறையை இடம் மாற்றும்வரை அந்த அறையில் குழந்தைகளை வைக்கக் கூடாது. ராவுத்தர் அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். சீசன் நடுவில் புகை அறையை எவன் மாற்றுவான்?

"யாருடா போய்ச் சொன்னது?"

"நான்தான் முதலாளி."

"உனக்கென்ன, பெண்டாட்டியா பிள்ளையா?" என்றார். பிறகு, "சரி, சட்டியைக் கழுவு. ராத்திரிக்கு மூணு மூட்டை இருக்கு," என்றார். கந்தகம் எரிக்க அந்த மாதம் அவருக்கு வேறு ஆள் கிடைக்கமாட்டான். என்னைத் தள்ளாததற்கு அதுதான் காரணம்.

திங்கட்கிழமை டீச்சர் சாமான்களை எடுக்க வந்தாள். மரப்பாச்சிகள், சிலேட்டுகள், ஒரு மண்கூஜா. எல்லாம் ஒரு கைவண்டியில் அடங்கிவிட்டன. கடைசியாக என் வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவை மூக்கைப் பிடிக்கவில்லை.

"ராவுத்தர் சொன்னார். நீங்கதான் போனேளாமே."

"ஆமா."

"நான்தான் கேக்கலை. அது என் தப்பு. அந்தக் குழந்தைக்கு நான்தான் தெனமும் வெள்ளம் குடுத்திண்டிருந்தேன்." வண்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "ஆனா உங்களுக்கு முன்னாலேயே தெரியும், இல்லையா? மூணு வருஷமா இந்தச் சுவர்கிட்டதானே படுத்திண்டிருந்தேள்?"

"தெரியும்."

"பின்னே ஏன் இத்தனை நாள் பேசாம இருந்தேள்?"

பொய் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றால் யாரும் நம்புவார்கள், மன்னிக்கவும் செய்வார்கள்.

"பிள்ளைங்க சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"அதுக்காகவா?"

"அதுக்காகத்தான்."

அவள் படியிறங்கினாள். வண்டிக்காரனிடம் "மெல்ல, கூஜா உடையும்" என்று சொன்னது கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து நான் கேட்ட கடைசிக் குரல் அதுதான். அவளுக்கு வேறு இடம் அமையவில்லை. எர்ணாகுளத்தில் ஏதோ பள்ளிக்கூடத்தில் சேர்ந்து தினமும் போட்டில் போய்வருகிறாள் என்று பிறகு தெரிந்தது. பிள்ளைகள் திசைக்கொன்றாகப் போய்விட்டார்கள். கடைசி அறையில் ராவுத்தர் சாக்குகளை அடுக்கினார்.

நான் பகலில் தூங்குவது குறைந்துவிட்டது. இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று.

அடுத்த வருஷம், ஓணம் கழிந்து சரக்கு வரத் தொடங்கிய சமயம், தூக்கம் வராமல் ஒரு காலையில் போட் ஜெட்டிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். போட் வந்து நின்றது. வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒருத்தி ஆறு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்து இறங்கினாள். பெண் கையை உதறிவிட்டுப் பலகைமேல் ஓடினாள்.

"ஷரீஃபா! விழுவே! நில்லுடீ!"

அந்தப் பெயரில் மட்டாஞ்சேரியில் நூறு பெண்கள் இருப்பார்கள். அவள் என்னைத் தாண்டி ஓடினாள், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு. வட்ட முகம், முன்பல் ஒன்று இல்லை. இவள்தானா என்று சொல்ல என்னிடம் எந்த அடையாளமும் இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது. அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு ஓடியிருக்கிறாள், ஒரு தரம் இருமுவாள் என்று.

இருமவில்லை. இருவரும் பஜார்ப் பக்கம் திரும்பிப் போனார்கள்.