எட்டு நிமிடம் ஓடிய எஞ்சின்

நாற்பத்தோராவது முறையாக எஞ்சின் கயிற்றை இழுத்துவிட்டு ரொட்டிக்கடைக்காரன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அன்றாடம் மூட்டை மூட்டையாக மாவு பிசைந்து உரமேறிய கைகள் அவனுடையவை. எந்த மாவும் அவனிடம் இவ்வளவு பிடிவாதம் காட்டியதில்லை.

"மாமா, இதுக்கு உயிர் இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நேத்து ஓடுச்சேடா" என்றார் தண்ணீர்க்காரர். மடங்காத வலது காலை முன்னே நீட்டி, முக்காலியின் விளிம்பில் அவர் அமர்ந்திருந்தார். "நீயுந்தான பாத்த. எட்டு நிமிஷம்."

"எட்டு நிமிஷம் ஓடிட்டுப் படுத்துக்கவா மூணு வாரமாக் கழட்டி மாட்டுனீங்க? அதுக்கு நான் ஒரு கேக்காவது செஞ்சிருப்பேன்."

தையற்காரி சிரிக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரனான அவள் தம்பி எப்போதும் இப்படித்தான். துக்க வீட்டுக்குப் போனாலும் நாக்கைக் கட்டிப்போடத் தெரியாதவன். அவள் தன் கணவர் தண்ணீர்க்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் தண்ணீர் தரும் தொட்டி குன்றின் உச்சியில் இருந்தது. காலையும் மாலையும் அங்கே ஏறி வால்வைத் திறந்து மூடுவது பத்தொன்பது ஆண்டுகளாக அவருடைய வேலை. சென்ற மழையில் தொட்டிப் படியில் சறுக்கி விழுந்து முழங்கால் நொறுங்கியது. எலும்பு கூடியது, மடக்கு மட்டும் கூடிவரவில்லை. குன்றுப் பாதையோ ஆட்டுக்கும் மூச்சு வாங்கும் செங்குத்து. அப்போதுதான் இலாகாக் கிடங்கில் செத்துக் கிடந்த ஏ.டி.வி. அவர் கண்ணில் பட்டது. கல், சேறு என்று பாராமல் ஏறும் தடித்த நான்கு சக்கர வண்டி அது. "ஓடவெச்சா ஓட்டிக்குங்க" என்று மேற்பார்வையாளர் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு கெடுவும் வைத்தார். திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பி, தண்ணீர்க்காரரே மேலே போய் வால்வைத் திறக்க வேண்டும். முடியாவிட்டால் வால்வுச் சாவி புது ஆளிடம் போய்விடும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

"முதல்ல சுலபமானதைப் பாப்போம்" என்றார் அவர். "வெளியேருந்து உள்ள போகணும்."

தையற்காரி எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி, அதன் உடலை எஞ்சின் இரும்பில் சாய்த்துப் பிடித்தாள். தம்பி கயிற்றை இழுத்தான். பிளக்கின் நுனியில் நீலப்பொறி சடசடத்தது. அடுத்து, பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தினாள். தெளிந்த பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழுந்தது.

"தீயும் இருக்கு, எண்ணெயும் இருக்கு, அடுப்பு மட்டும் எரியலை" என்றான் தம்பி. "அக்கா கோவமா இருக்கிற அன்னிக்கு உங்க வீடு மாதிரியே."

"நீ வாயை மூடிட்டு இழு" என்றாள் அவள்.

"ஒண்ணு கவனிச்சியா?" என்றார் தண்ணீர்க்காரர், மைத்துனனிடம். "கயிறு எப்படி இருக்கு?"

"லேசா இருக்கு மாமா. நேத்து என் தோளையே பிடுங்கிச்சு. இப்பக் காலி வாளியை இழுக்கிற மாதிரி இருக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். "பிளக் ஓட்டையில கட்டைவிரலை வை. தள்ளுதான்னு சொல்லு."

ஊசி குத்தித் தழும்பேறிய கட்டைவிரலை அவள் ஓட்டையின் மேல் அழுத்தினாள். தம்பி இழுத்தான். நல்ல எஞ்சினாக இருந்தால் உள்ளே நெரிபடும் காற்று விரலைத் தூக்கி எறிய வேண்டும். தூங்குகிறவனின் மூக்கருகே விரல் வைத்தாற்போல மெல்லிய காற்று ஒன்று வந்தது, போனது.

"தள்ளலைங்க."

"நல்லா அழுத்துனியா?"

"அழுத்துனேன். சும்மா மூச்சு விடுது."

"பிஸ்டன் ரிங் இன்னும் படிஞ்சிருக்காது, காத்து கசியுது" என்றார் அவர் அவசரமாக. அந்த ஓட்டை வழியாகவே ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றச் சொன்னார். ஊற்றினாள். மாற்றமில்லை. பிளக்கை மறுபடி துடைக்கச் சொன்னார். பெட்ரோல் குழாயை ஊதச் சொன்னார். துடைத்ததையே துடைத்து, ஊதியதையே ஊதி ஒரு மணி நேரம் கழிந்தது. எஞ்சினின் மேல்மூடி இருக்கும் பக்கம் மட்டும் அவர் கண் போகவில்லை. வலிக்கும் இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வைத்தியரிடம் காட்டும் நோயாளி போல அவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

கடைசியில் பத்தாம் நம்பர் ஸ்பானரை அவளே எடுத்தாள். "மேல திறந்துடலாங்க."

அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

நான்கு போல்ட்டுகள். மூடியைத் தூக்கியதும் கருகிய வாடை வந்தது. எண்ணெயில் குளித்து மினுங்க வேண்டிய இடம், வெயிலில் காய்ந்த எலும்பு போலக் கிடந்தது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் சூட்டில் நீலம் பாரித்து, தன் இருக்கையிலேயே கடித்துக்கொண்டு அசைய மறுத்தது. அதைச் சுழற்றும் சங்கிலி அறுந்து, உள்ளே சரிந்து தொங்கியது. திறந்தபடியே நின்றுபோன வால்வு வழியாகத்தான் காற்று தப்பியிருக்கிறது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"எண்ணெய் ஏறவே இல்லை" என்றார் தண்ணீர்க்காரர். "அளவு சரியா ஊத்துனேன். பம்பும் புதுசு. கீழேருந்து மேல வர்ற வழியில எங்கயோ அடைச்சிருக்கு." எஞ்சினின் வெளிப்புறத்தில் விரலை வைத்து அந்த வழியைக் கீழிருந்து தடவிக்கொண்டே வந்தார். பம்பு, பின்பக்க போல்ட்டின் ஓரம், சிலிண்டரின் அடி. அங்கே விரல் தயங்கி, தாண்டி மேலே போய்விட்டது.

தையற்காரியின் கண் தாண்டவில்லை. அந்த இடத்தில் இரண்டு இரும்புகளுக்கு நடுவே ஒரு தாள் இருக்கிறது. கேஸ்கட். புதியது வர ஒரு மாதம் ஆகும் என்று கடையில் சொன்னதால், பழையதை அச்சாக வைத்து அவளே வெட்டிக் கொடுத்த தாள்.

அவள் எழுந்து உள்ளே போனாள். எந்த அச்சையும் தூக்கி எறிகிற பழக்கம் அவளுக்கில்லை. ரவிக்கை அச்சுகளுக்கும் காலர் அச்சுகளுக்கும் நடுவே இழுப்பறையில் பழைய கேஸ்கட் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பின்பக்க போல்ட்டின் அருகே தாள் பிய்ந்திருந்தது. அன்று அந்தப் பிய்ந்த ஓரங்களைக் குண்டூசி குத்திச் சேர்த்து, துணியின் கிழிசலை மூடுவது போல மூடி, சாக்பீஸால் வரைந்து, முழுசாக வெட்டியிருந்தாள். கிழிசலின் ஒரு பக்கம் மட்டும் பிறைபோல வளைந்து வழவழப்பாக இருந்ததை இப்போதுதான் கண்டாள். கிழியும் எதுவும் அப்படிக் கிழியாது. அது துளை. எண்ணெய் ஏறும் வழி.

அவள் அந்த அறையில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. எண்ணெய்ப் பம்பின் மேல் பழியைப் போட்டுவிடலாம். இனி அந்த எஞ்சினை யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. அந்த நினைப்பும் வந்தது. அதையும் தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இதைக் கிழிசல்னு நெனச்சேங்க" என்றாள். "தெச்சு மூடிட்டேன்."

தண்ணீர்க்காரர் தாளை வாங்கி, பிறை வளைவை நகத்தால் தொட்டுப் பார்த்தார். 

"கிழிசல் ஒண்ணுகூட இல்லாம வெட்டுன்னு நான்தான சொன்னேன்."

"நீங்க சொல்லுவீங்க. வெட்டுறவளுக்குத் தெரிய வேணாமா?"

"மாட்டுறவனுக்கு? வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். கடையில வாங்குனாக்கூட இவ்வளவு சுத்தமா இருக்காதுன்னு சொன்னேன். ஓட்டை எங்கன்னு கேக்கணும்னு தோணலையே."

தம்பி முதல்முறையாகக் கேலி செய்யவில்லை. "இப்ப ஓட்டை போட்டு மாட்டிட்டா?"

"எஞ்சின் தலையே போச்சுடா. கேம் உக்கார்ற இடம் தேஞ்சு பள்ளமாயிடுச்சு. வேற தலை வேணும், வேற செயின் வேணும்."

"அப்ப நான் தூக்கிட்டுப் போறேன் மாமா. நாளைக்கு ஒரு நாள் உங்களை முதுகுல ஏத்திக்கிட்டு..."

"தெனமும் ரெண்டு வேளையா?"

தம்பி கைகளைப் பார்த்துக்கொண்டான். கடையில் வேலையிருக்கிறது என்று எழுந்து போனான்.

அன்று மதியம் அவர்கள் திருகுகளைப் பொறுக்கித் தட்டில் போட்டார்கள். மாட்டுவதற்கல்ல, தரையில் கிடந்தால் காலில் குத்தும் என்பதற்காக. அவள் நிமிராமல் வேலை செய்வதைப் பார்த்து அவர் சொன்னார்:

"ஒரு எலி இருந்துச்சாம். வளையெல்லாம் விரிசல், குளிர் தாங்கலைன்னு தூக்கணாங்குருவிகிட்டப் போய் அழுதுச்சாம். குருவி பாவப்பட்டு வந்து, நாரை எடுத்து ஒவ்வொரு விரிசலாப் பின்னுச்சாம். அவ்வளவு நேர்த்தி. வாசலையும் சேத்துப் பின்னிடுச்சு."

"எலி?"

அவர் யோசித்தார். தன் கதைக்கே முடிவு தெரியாதவர் போல முழித்தார். "உள்ளதான் இருந்துச்சு. குளிரலையாம்."

"கதை வேணாங்க" என்றாள் அவள். குரல் கோபமாக இல்லை, களைத்திருந்தது. அவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

மறுநாள் எட்டு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். பிரிந்து கிடந்த எஞ்சினைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார். அவருக்குப் பின்னால் புது ஆள் நின்றான். முப்பது வயதிருக்கும்; உறுதியான கால்கள்.

தண்ணீர்க்காரர் சாவியை நீட்டினார். "வால்வு வழக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பும் தம்பி. பதினோரு சுத்து. பன்னெண்டாவதுல டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும், அங்க நிறுத்திடுங்க. பலத்தைக் காட்டாதீங்க. மூணாவது படி வழுக்கும்."

"சரிங்க ஐயா. மெதுவா ஏறிக்கிறேன்."

அவன் மெதுவாக ஏறவில்லை. கணவனும் மனைவியும் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, அவன் சட்டை முதல் திருப்பத்தில் தெரிந்தது, இரண்டாவதில் தெரிந்தது, பிறகு மறைந்தது. மேற்பார்வையாளர், "அலுவலகத்துக்கு ஒரு தடவை வாங்க, கையெழுத்து இருக்கு" என்று சொல்லிவிட்டு விடைபெற்றார்.

தையற்காரி சமையலறைக்குப் போய்க் குழாயின் கீழ் வாளியை வைத்தாள். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றார். குழாய் இருமுறை இருமியது, காற்றைத் துப்பியது. பின் தண்ணீர் ஒரே சீராக விழுந்தது.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் ஏறுறதைவிடப் பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடுச்சு" என்றார்.

வாளி நிறைந்தது. அவள் குழாயை மூடினாள்.