கண்ணாடிக் கடைக்காரர் மனைவி

"ம், படி!" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், ஏழாவது கண்ணாடியை மனைவியின் மூக்கில் ஏற்றிவிட்டு.

அவள் கடகடவென்று ஒப்பித்தாள். பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்துவரை ஒன்றுகூடப் பிசகவில்லை. பதினாறு வருடமாக அந்த எழுத்துப் பலகையைத் தினமும் துடைப்பவள் அவள்தான். ஆனால் பலகை அங்கே இல்லை. சுவருக்கு வெள்ளையடிக்கக் காலையில்தான் கழற்றியிருந்தார்கள்.

கடைக்காரர் அசரவில்லை. "பாத்தீங்களா? பலகை இல்லாமலே படிக்கிறா! நம்ம கண்ணாடி அப்படி," என்று வாடிக்கையாளர் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சிறுநீரகம் பழுதான அவளுக்கு, வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்க இடது கையில் குழாய் வைத்துத் தைத்திருந்தார்கள். ஒரு மாதமாக அந்தக் கையும் முகமும் வீங்கின. தலைவலி மண்டையைப் பிளந்தது. பார்வை ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கடைக்காரருக்கு எடுத்துச் சொன்னார். "கைக் குழாயில வேகமா வர்ற ரத்தம் நெஞ்சுக்குள்ள இறங்குற வழி அடைச்சிருக்கு. அது தலைப் பக்கம் தேங்கி, கண் நரம்ப நசுக்குது. அடைப்பை எடுக்க முடியல. இன்னைக்கே குழாய மூடலைன்னா மிச்சப் பார்வையும் போயிடும்."

"கண்ணு கோளாறுக்குக் கையில வைத்தியமா? கண்ணாடிக் கடைக்காரன் எனக்கே காது குத்துறீங்களே!"

கண்ணாடிக்காரன் பெண்டாட்டிக்கே கண் போச்சு என்று தெருவில் பேச்சு வந்தால் கடையில் ஈயாடும். அவருக்கு அந்தக் கவலை. அதற்காக ஒரு மனுஷியின் கண்ணை அவியவிடலாமா?

ஆஸ்பத்திரி வழக்கமும் அவருக்கே தோதாக இருந்தது. பெண்ணுக்கு அறுவை என்றால் கணவர் கையெழுத்து வேண்டும். பார்வை போய்விட்டதென்று கணவரே வாயால் சொன்னால் மட்டும், அவசரம் என்று எழுதிக் கையெழுத்தில்லாமல் செய்யலாம். பார்வை போனவள் சொன்னால் செல்லாது.

"அவளுக்கு நல்லாத்தான் தெரியுது. கடைக்கு வந்து பாருங்க, எப்படிப் படிக்கிறான்னு. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அவள் நர்ஸ் குரல் வந்த பக்கம் கையை நீட்டினாள். "அந்தச் சம்மதத் தாளக் குடுங்க நர்ஸம்மா. கையெழுத்துப் போடுற எடத்துல என் விரல வைங்க."

நர்ஸ் தயங்கி, பிறகு வைத்தார். அவள் தன் பெயரைப் போட்டாள்.

கடைக்காரர் குதித்தெழுந்தார். "அது புருஷன் போடுற எடம்! கண்ணு தெரியாதவ கிறுக்கினா அது கையெழுத்தா?"

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க."

கடைக்காரர் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நர்ஸம்மாவும் கேட்டாங்க, எழுதிக்குங்க டாக்டர்," என்றாள் அவள். "ஒரு மாசமா நானும் அதத்தான் சொல்றேன். அவரு சொன்னப்புறந்தான் எனக்குக் கண்ணு போயிருக்கு."