முள் துள்ளிய கேள்வி

பூரணி அப்பாவின் வாயருகே கொண்டுபோன வாய்க்கரிசி விரலை விட்டு விழவில்லை. கையெல்லாம் வியர்வை.

"உதறிப் போடு பிள்ளை, சனம் நிக்குது" என்றாள் பெரியம்மா.

உதறினாள். துறைமுகத்தில் இரும்பு ஒட்டும் வேலை செய்த அப்பா தவராசா, நேற்று வேலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், வாயில் அரிசியோடு கிடந்தார்.

ஆமி முகாமில் அவரைப் பொய் பிடிக்கும் மெசினில் இருத்தி விசாரித்த அன்று, வீட்டுக்கு வந்து பகிடி விட்டார்: "முந்தி அரிசியைச் சப்பச் சொல்லுவாங்களாம். பொய்யனுக்கு எச்சில் ஊறாதாம். இப்ப வயர் பூட்டுறாங்கள். இனி மூளையைப் படம் பிடிக்கிற மெசின் வருமாம். வரட்டும், என்ர மூளையைத் தேடிப் பிடிக்கவே ஒரு கிழமை செல்லும்."

அவர் மட்டும்தான் சிரித்தார். அந்த மெசினுக்குப் பயந்துதான் அம்மாவும் பூரணியும் அவரிடமே பொய் சொல்லியிருந்தார்கள்: ஆமி தேடிய அண்ணன் கதிரவேல் ஏறிய படகு கவிழ்ந்துவிட்டது. உண்மையில் அவன் இந்தியாவில் கரையேறிவிட்டான். தெரியாத மனுசன் பிடிபடமாட்டார் அல்லவா? பிறகு சொல்லலாம் என்றிருந்தார்கள். மூன்று வருடம் போய்விட்டது.

மகன் உயிரோடிருப்பது தெரியாமலே போய்விட்டாரா? நேற்றிலிருந்து பூரணிக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

படலையில் ஒருவர் தயங்கி நின்றார். மூதூர் தாஹிர். அன்று மெசின் அறையில் மொழிபெயர்த்தவர்.

"முகாமில இருந்தோ வாறீங்கள்?" என்றாள் பூரணி.

"அந்த வேலையை எப்பவோ விட்டுட்டன் தங்கச்சி. கேள்விப்பட்டு வந்தனான்." குரலைத் தாழ்த்தினார். "அண்டைக்கு அஞ்சு கேள்வி. நாலுக்கும் தாளில ஓடுற முள் அசையல்ல. 'மகன் செத்துட்டானா?' எண்டாங்க. ஓம் எண்டார். முள் துள்ளிப் பாய்ஞ்சிட்டு."

"ஐயோ! பிறகு?"

"அந்தக் கதையைக் கேட்டா எந்தத் தகப்பன்ட நெஞ்சும் துள்ளாதா சேர் எண்டு சொன்னன். உண்மை எண்டு எழுதிட்டாங்க. வெளிய வந்து உங்கட அப்பா என்ர கையைப் பிடிச்சார். 'செத்த பிள்ளைக்கு என்ர மனுசி இவ்வளவு கொஞ்சமா அழமாட்டா, தம்பி. வீட்டில சொல்லிப்போடாதீங்கோ. நான் நம்பிட்டன் எண்டுதான் அதுகள் நித்திரை கொள்ளுதுகள்.'"

பூரணி உள்ளே போனாள். அம்மா குனிந்து, அப்பாவின் காதோடு வாய் வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "மகன்" என்ற சொல் மட்டும் கேட்டது.

பெட்டி மூட ஆட்கள் வந்தார்கள். அம்மா சொல்லி முடியட்டும் என்று பூரணி குறுக்கே கையை நீட்டி மறித்தபடி நின்றாள்.