சவுரியப்பன் பார்த்த பிரெஞ்சுப் படம்

அந்தோணி பிரகாஷுக்கு மக்காச்சோளம் என்றால் அலர்ஜி என்பது பாப்பிரெட்டிப்பட்டியில் அவனைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். ஊருக்கு வெளியே சித்தேரி மலையைப் பார்த்த மாதிரி வீடு. வீட்டை ஒட்டி அவன் அப்பா கஸ்பார் விட்டுப்போன நிலத்தைப் பக்கத்துக் காட்டுக்காரர் நஞ்சப்பன் வாரத்துக்கு எடுத்து, வருஷா வருஷம் மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தார். பயிர் முழங்கால் உயரம் இருக்கிற வரைக்கும் பிரகாஷ் வரப்பில் நின்று நன்றாகப் பேசுவான். இடுப்புக்கு வந்ததும் பேச்சு குறையும். ஆளுயரம் வளர்ந்துவிட்டால் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவான்.

"தூசு ஒத்துக்காதுங்க" என்பான், யார் கேட்டாலும்.

அவன் மனைவி கேத்தரின் தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கல்யாணமான புதிதில் அவளும் இதை நம்பி மாத்திரை வாங்கி வந்து வைத்தாள். அட்டை பிரிக்கப்படாமலே காலாவதியாகும். அடுத்த அட்டை வாங்கி வைப்பாள். இந்த வருஷம் ஒரு நாள் பைக்கில் திரும்பி வரும்போது, ரோட்டோரம் சோளக்கதிர் சுடுகிற வண்டியை மறித்து இவன் எலுமிச்சையும் உப்பும் தேய்த்து மூன்று கதிர் தின்றான். பக்கத்தில் உரித்துப் போட்ட பச்சை மட்டை மலைபோலக் குவிந்து கிடந்தது. ஒரு தும்மல் இல்லை.

"என்னங்க, திங்கறப்ப அலர்ஜி லீவா?" என்று கேட்டாள் கேத்தரின்.

கல்யாணமான நாளிலிருந்து ஆறு வருஷமாக அவளிடம் காப்பாற்றி வந்த ரகசியம் அந்தக் கதிர் வண்டிக்குப் பக்கத்திலேயே வெளியே வந்தது.

சேலத்தில் பாலிடெக்னிக் படிக்கும்போது ஹாஸ்டலில் அருள்குமார் என்கிற கூட்டாளியின் லேப்டாப்பில் ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தான். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே ஒரு பண்ணை வீடு. அப்பா, அம்மா, வயசுப் பெண். மழை பெய்கிற சாயங்காலத்தில் ஒருத்தன் வந்து கதவைத் தட்டுகிறான். அவன் கையில் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற பெரிய கத்தரி. அந்தக் கத்தரி முதலில் அப்பாவைத் தேடிப் போனது. கத்தரி என்ன செய்தது என்று பிரகாஷ் பாதிதான் பார்த்தான். மீதிப் பாதி நடக்கும்போது அவன் பெஞ்சிலிருந்து விழுந்துவிட்டான். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, தோளில் போட்டுக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். படிப்பு முடிகிற வரைக்கும் அவன் பெயர் கத்தரி.

"அதோட போச்சுன்னா பரவால்ல கேத்தரின். அந்தப் பொண்ணு சோளக் காட்டுக்குள்ள ஓடுது. அவன் பின்னாலயே வர்றான். ஒவ்வொரு கதிராத் தொட்டுக்கிட்டே வர்றான், தொட்ட கதிரெல்லாம் ரத்தம் வடியுது. கடைசில சோளத்தட்டைய ரெண்டு கையாலயும் விலக்கிட்டு மூஞ்சிய நீட்டி, என்னைப் பாத்து, 'அந்தோணி'ன்னு கூப்புடறான்."

கேத்தரின் சிரிக்கவில்லை. மயக்க மருந்து கொடுக்குமுன் பயப்படுகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறவள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து, பிரியாணி சாப்டுட்டு, ஜன்னலெல்லாம் தொறந்து வச்சுக்கிட்டு, பட்டப்பகல்ல இன்னொரு தடவ பாருங்க. நான் பக்கத்துல இருக்கறேன்" என்றாள். அருள்குமாருக்குப் போன் போட்டு, சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிய அவனிடமிருந்து படத்தின் பெயரையும் வாங்கிவிட்டாள்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரகாஷ் டிவிக்கு முன்னால் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கேத்தரின் பக்கத்தில் முறத்தை வைத்து மொச்சை உரித்தாள். படம் ஆரம்பித்து, மழை வந்து, படத்து வீட்டில் கரண்ட் போய், அந்தப் பெண் சுவரில் மாட்டியிருந்த சிலுவைக்குக் கீழே மெழுகுவத்தி ஏற்றினாள். அதே நேரத்தில் இங்கே வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. கேத்தரினின் அப்பா சவுரியப்பனும் அம்மா ராஜமேரியும். பிரகாஷ் சட்டென்று படத்தை நிறுத்தினான். திரையில் சிலுவையும் மெழுகுவத்தியும், கூப்பிய கை மாதிரி தெரிந்த கையோடு அந்தப் பெண்ணும் அப்படியே நின்றார்கள்.

சவுரியப்பன் பங்குப் பேரவையில் முக்கியமான ஆள். கோயில் திருவிழாவில் தேருக்கு முன்னால் நடக்கிறவர். திரையைப் பார்த்ததும் கைத்தடியைச் சுவரில் சாய்த்தார்.

"என்ன படம் மாப்ளே?"

"பிரெஞ்சுப் படம் மாமா, பதினஞ்சு வருசத்துக்கு முன்ன பாத்தது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான் பிரகாஷ்.

"பிரெஞ்சா!" சவுரியப்பன் முகம் மலர்ந்தது. "நம்ம கோயிலக் கட்டுன சாமியாரு ஊரு. அங்கிருந்து மாட்டு வண்டியும் குதிரையுமா வந்து நமக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்தவங்க. ராஜமேரி, உக்காரு. போடுங்க மாப்ளே."

"இது வந்து மாமா, கொஞ்சம் சண்டைப் படம்."

"சோதன இல்லாம எந்தப் புனிதர் வாழ்ந்தாரு? போடுங்க."

மாமனார் சொன்னால் தட்ட முடியாது. போட்டான். கதவு தட்டப்பட்டது. கத்தரிக்காரன் மழையில் நின்று தனக்குள் ஏதோ முணுமுணுத்தான். பிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன சொல்றான் மாப்ளே? கீழ இங்கிலீசுல எழுத்து ஓடுது பாருங்க, படிச்சுச் சொல்லுங்க."

கண்ணைத் திறந்தாக வேண்டியதாயிற்று. 'உன் தோலை உரித்து வேலியில் காயப் போடுவேன்' என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

"சட்டைய அவுத்து வேலில காயப் போட்டுக்கட்டுமான்னு கேக்கறான் மாமா."

"பாவம், நனைஞ்சிருக்கான்" என்றாள் ராஜமேரி. "உள்ள கூப்ட்டு ஒரு டீத்தண்ணி குடுக்கலாமில்ல?"

கதவைத் திறந்ததுமே அவன் தானாக உள்ளே வந்தான். பிரகாஷை ஹாஸ்டல் பெஞ்சிலிருந்து தள்ளிய அந்த இடமும் வந்தது. அவன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்தான். கத்தரியின் சத்தம் கேட்டது. ராஜமேரி மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. கேத்தரின் மொச்சை உரிக்கிற கை மட்டும் நிற்கவில்லை.

"இவ்ளோ ரத்தம் ஒரு ஆளுக்குள்ள இருக்காதுங்க" என்றாள் அவள். "அதும் அந்த எடத்துல வெட்டுனா மேல சீலிங் வரைக்கும் போவாது."

சவுரியப்பன் எழுந்து நின்றுவிட்டார். திட்டப்போகிறார் என்று பிரகாஷ் நடுங்கினான். அவரோ தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வேதகலாபனை! விசுவாசத்துக்காகக் கொல்றான்!" என்றார். "மாப்ளே, உண்மையச் சொல்லுங்க. வேதத்த வுட்டுருன்னு கேட்டானா அவன்?"

பிரகாஷ் கேத்தரினைப் பார்த்தான். அவள் ஒரு மொச்சையைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"கேட்டாங்க மாமா."

"பெரியவரு?"

"மாட்டேன்னுட்டாரு."

சவுரியப்பன் சிலுவை போட்டுக்கொண்டார். ராஜமேரி கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தாள். அதற்குப் பிறகு படத்தின் அம்மாவும், ஒரு நாயும், தந்தி கொண்டு வந்த ஒரு சம்பந்தமில்லாத ஆளும் வேதசாட்சி ஆனார்கள். ஒவ்வொருவர் சாகும்போதும் மாமனார் "இவரும் மாட்டேன்னாரா?" என்று கேட்க, "இவரும் மாட்டேன்னாரு மாமா" என்று பிரகாஷ் சொன்னான். நாய்க்கு மட்டும் அவர் கேட்கவில்லை. பதில் சொல்வதற்காக ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்க்க வேண்டியிருந்ததால், பயப்படுவதற்கு அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை.

பெண் சோளக் காட்டுக்குள் ஓடினாள். பிரகாஷ் தலையணையை இன்னும் இறுக்கிக்கொண்டான். அப்போது பார்த்து வாசலில் "பிரகாசு!" என்று ஒரு குரல். அவன் தலையணையோடு துள்ளி விழுந்தான்.

நஞ்சப்பன்தான். செவ்வாய்க்கிழமை அறுவடை மெஷின் வருகிறது என்று சொல்ல வந்தவர், டிவியைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இது யாரு காடு?"

"பிரெஞ்சுக்காரங்க காடுங்க" என்றாள் கேத்தரின்.

"கொஞ்சம் நிறுத்து தம்பி. நிறுத்து நிறுத்து."

நிறுத்தினான். அது சரியாகக் கத்தரிக்காரன் தட்டைகளை விலக்கி முகத்தை நீட்டிய இடம். ஒரு கண் பாதி மூடி, வாய் கோணி, தும்மல் வரப்போகிறவன் மாதிரி உறைந்து நின்றான். நஞ்சப்பன் உள்ளே வந்து டிவிக்கு நெருக்கமாக நின்று, கத்தரிக்காரனின் காதுக்குப் பக்கத்திலிருந்த கதிரைத் தடவிப் பார்த்தார்.

"எலையப் பாருங்க, ஒரு பொத்தல் இல்ல. படைப்புழு அந்த ஊருக்கே போவலியா? என்ன மருந்து அடிக்கறான்?"

"அவன் கொல பண்ண வந்தவனுங்க நஞ்சப்பண்ணா" என்றார் சவுரியப்பன் வருத்தத்தோடு. "மருந்தெல்லாம் அவனுக்குத் தெரியாது."

"காட்டுக்காரன் யாரு அப்ப?"

"வேதத்துக்காக உசுர குடுத்துட்டாரு."

நஞ்சப்பன் "அடடா" என்று உட்கார்ந்தார். "இப்புடி விளைஞ்சு நிக்கறப்பவா?"

படம் மறுபடி ஓடியது. பிரகாஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இப்போது கூப்பிடுவான், இப்போது கூப்பிடுவான். கத்தரிக்காரன் தட்டையை விட்டுவிட்டு வேறு பக்கம் போனான். சேற்றில் வழுக்கினான். அந்தப் பெண் மண்வெட்டியால் அவன் மண்டையில் ஒரு போடு போட்டாள்; பிறகு இன்னும் பல போடு. விடிந்தது. பால் வண்டிக்காரன் அவளை ஏற்றிக்கொண்டு போனான். எழுத்து ஓட ஆரம்பித்தது.

"அவ்ளோதானா?" என்றான் பிரகாஷ்.

ராஜமேரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இனி அந்தப் புள்ள வூட்டுல யாருமில்லாம எப்புடி இருக்கும்? காலைல மாடு யாரு கறப்பா?"

பிரகாஷ் பின்னால் ஓட்டிப் பார்த்தான். முன்னால் ஓட்டிப் பார்த்தான். ரத்தம் வடிகிற கதிர் இல்லை. தொட்டுக்கொண்டே வருகிற கை இல்லை. அவன் பெயரை யாரும் சொல்லவில்லை.

"வேற படமா இருக்குமோ?"

"பிரெஞ்சுக்காரன் உங்க பேர எப்புடிங்க சொல்லுவான்?" என்றாள் கேத்தரின். "நீங்கதான் மயங்கிட்டீங்களே. மீதிய நீங்களே எடுத்திருக்கீங்க."

அன்று சாயங்காலம் முழுக்க அவனுக்கு ஏதோ பறிபோன மாதிரி இருந்தது. அவன் எடுத்த படம் இதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. அந்தக் கதிர்களைக் கேத்தரினுக்குக் காட்ட முடியாதே என்று வருத்தப்பட்டான்.

செவ்வாய்க்கிழமை மெஷின் வந்தது. மெஷின் போக முடியாத மூலையில் கையால் கதிர் ஒடிக்க வேண்டியிருந்தது. நஞ்சப்பன் கூப்பிடுமுன்னே பிரகாஷ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். தட்டைகள் தலைக்கு மேலே மூடின. காய்ந்த இலை சரசரத்தது. ஒன்றும் இல்லை. வெயிலும், எறும்பும், எங்கோ நஞ்சப்பன் இருமுகிற சத்தமும்தான். பிரகாஷ் ஒரு தட்டையை இரண்டு கையாலும் விலக்கி, முகத்தை நீட்டி, "அந்தோணி" என்று தானே கூப்பிட்டுப் பார்த்தான். அப்புறம் தும்மினான்.

தும்மல் நிற்கவில்லை. கண் அரித்தது, கழுத்து தடித்தது, மூக்கு ஒழுகியது. நஞ்சப்பன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தபோது அவன் முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது உள்ளே போயிருந்தால் தெரிந்திருக்கும்: அவனுக்கு நிஜமாகவே மக்காச்சோளத் தூசு அலர்ஜி.

கேத்தரின் ஊசி போட்டாள். வெகுநேரம் சிரித்தாள். தடிப்பு இறங்கியது, கண்ணிரண்டும் மட்டும் சிவந்து வீங்கியே இருந்தன. அந்தக் கண்ணோடுதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பூசைக்குப் போனான்.

பூசை தொடங்குமுன் ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, யாருக்காகப் பூசை என்கிற கருத்துகளை வாசித்தார். "இன்றைய திருப்பலி, பிரான்சு நாட்டில் விசுவாசத்துக்காகக் கொடூரமாய்க் கொல்லப்பட்ட விவசாயக் குடும்பத்தின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது. வேண்டுவோர், சவுரியப்பன், ராஜமேரி குடும்பத்தார்."

கோயிலே "உச்" கொட்டியது. பிரகாஷின் விலாவில் கேத்தரினின் முழங்கை இடித்தது. பார்த்தால் அவள் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குகிறாள். பின்வரிசையில் இருந்தவர்கள் அதை அழுகை என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் கூட்டம் அவனைச் சூழ்ந்தது. ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். அவன் கண்ணைப் பார்த்ததும் அவர்கள் கண்ணும் கலங்கியது. யாரோ ஒருவர், உடலை விமானத்தில் கொண்டு வருவார்களா என்று கேட்டார். நஞ்சப்பனின் மனைவி மாதம்மாள், அவளுக்கும் கோயிலுக்கும் சம்பந்தமே இல்லை, மதில் ஓரமாக வந்து நின்று, "நல்லா விளைஞ்ச காடாமே சாமி, எங்க வூட்டுக்காரரு சொல்லிச் சொல்லி மாஞ்சுபோறாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியில் ஃபாதரே வந்து தோளில் கை வைத்தார். "உங்களுக்கு அவங்க ரொம்ப நெருக்கமா பிரகாஷ்?"

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்ற சவுரியப்பன் முந்திக்கொண்டார்.

"பதினஞ்சு வருசமா மனசுல வச்சிக்கிட்டுத் தவிச்சிருக்காரு ஃபாதர். எங்ககிட்டகூட இப்பதான் காட்டுனாரு."

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்பது பிரகாஷுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அந்தப் பெரியவர் பேர் என்னங்க?" என்றார் ஃபாதர். "சாயங்காலச் செபத்துலயும் பேர் சொல்லி வேண்டிக்கலாம்."

படத்தில் அந்த மனிதரை 'அப்பா' என்பதைத் தவிர யாரும் வேறெப்படியும் கூப்பிடவில்லை. மழைக்குக் கதவைத் திறந்துவிட்டார், நனைந்தவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கத் திரும்பினார், அவ்வளவுதான் அவர் செய்தது. அந்தத் துண்டைப் பிரகாஷ் இப்போதுதான் நினைத்துப் பார்த்தான். இரண்டு தடவையிலும் அவன் கத்தரியைத்தான் பார்த்திருந்தான்.

"கஸ்பாருங்க ஃபாதர்" என்றான்.

சொன்னதும் அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.