ஒரு லட்சத்து ஐயாயிரமும் ஒரு கட்டைவிரலும்

"பிளேட்லெட் எவ்ளோ?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டுத் தமயந்திக்குக் காது புளித்துப் போயிருந்தது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு, பதினோரு வருடமாகக் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வேலைக்கு வருகிறாள். டெங்கு சீசன் வந்துவிட்டால் போதும், மனிதன் உடம்பில் ரத்தம் ஓடுவதே அந்த ஒரு எண்ணுக்காகத்தான் என்பதுபோல ஊரே நடந்துகொள்ளும்.

முதலாளி நோயல் அதற்குத் தகுந்த ஏற்பாடு செய்திருந்தார். டாக்டர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகு, சாயங்காலம்தான் முழு ரிப்போர்ட். அதுவரை வாட்ஸ்அப்பில் பிளேட்லெட் மட்டும் போகும். ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம். கீழே இருந்தால் கும்பிடுகிற கை. "கஸ்டமருக்கு ஒரு தைரியம்மா" என்பார். கும்பிடுகிற கையைப் பார்த்து எவனுக்குத் தைரியம் வரும் என்று தமயந்தி ஒருநாள் கேட்டுவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அன்று மாதா திருவிழா. சிவாஜிநகர் மாதா கோவிலுக்கு நடந்து போகிற காவிப் புடவைகள் காலையிலிருந்தே தெருவை அடைத்துக்கொண்டு நகர்ந்தன. பதினொன்றரைக்குக் கூட்டம் குறைந்ததும், கையெழுத்துக்கு வைக்க வேண்டிய ரிப்போர்ட்டுகளைத் தமயந்தி அடுக்கினாள். ரூபினி, வயது இருபத்தாறு, காய்ச்சல் ஐந்தாம் நாள் என்றிருந்த தாளில் அவள் கை நின்றது.

பிளேட்லெட் ஒரு லட்சத்து ஐயாயிரம். அதைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு மூன்று வரி மேலே பி.சி.வி. என்று ஒன்று இருந்தது. ரத்தத்தில் அணுக்கள் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று காட்டுகிற எண். முந்தாநாள் முப்பத்தாறு. இன்று நாற்பத்தாறு. 

இரண்டு நாளில் யாருக்கும் ரத்தம் இப்படி ஊறாது. தண்ணீர் வெளியே போயிருக்கிறது, மிச்சம் கெட்டியாகிவிட்டது, அவ்வளவுதான். டெங்குக் கிருமி நேராக ரத்தக்குழாயைக் குத்திக் கிழிப்பதைவிட, அதை விரட்ட வருகிற நம் உடம்பின் படைதான் அதிகக் கேடு செய்யும். திருடனைப் பிடிக்க வந்த போலீஸ், தெருவில் நின்றவன் மேலெல்லாம் தடியைச் சுழற்றுகிற மாதிரி. ரத்தக்குழாயின் உட்சுவர் நெகிழ்ந்துபோய், தண்ணீர் வயிற்றிலும் நெஞ்சிலும் கசியும். திருடன் ஓடிவிட்டதால் காய்ச்சல் விட்டிருக்கும். தடியடி மட்டும் நிற்காது. வீட்டுக்காரர்கள் இட்லி ஊட்டிச் சந்தோஷப்படுகிற அந்த நாளில்தான் ஆள் கையை விட்டுப் போவது.

தாளை எடுத்துக்கொண்டு நோயலிடம் போனாள்.

"அது டாக்டர் பாக்கறது. சாயங்காலம் வருவார்ல?" என்றார் அவர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சாயங்காலம் வரிக்கும் அந்தப் பொண்ணு இருக்கணுமே சார்."

"தமயந்தி, நம்ம வேலை நம்பர் குடுக்கறது. வைத்தியம் சொல்றது இல்ல. நாளைக்கி ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம தலைமேல வரும்."

ஏதாச்சும் ஆனால் அந்தப் பெண் தலைமேல் வராதா? அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் எதிரிலேயே லேப் போனை எடுத்து அடித்தாள். இரண்டு முறை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை, கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவில் ரூபினியின் கணவன் ரெமிஜியஸ் எடுத்தான்.

"காய்ச்சல் நேத்தே உட்டுடுச்சுக்கா! மாதாவுக்கு வேண்டிக்கினா, நடந்தே வரேன்னு. பிரேசர் டவுன் தாண்டினு இருக்கோம்."

"நடந்தா? வயிறு வலிக்குதுன்றாளா?"

"லேசா. பப்பாளி இலை ஜூஸ் குடிச்சா அப்டித்தான் இருக்கும்னாங்க. ரெண்டுவாட்டி வாந்தி எடுத்தா."

"கைய தொட்டுப் பாரு."

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "சில்லுனு இருக்குதுக்கா" என்றான். குரல் மாறியிருந்தது.

"ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. அங்கயே உக்கார வை. எந்தக் கடைகிட்டன்னு சொல்லு, நான் வரேன்."

நோயல் எழுந்து நின்று ஏதோ சொன்னார். தமயந்தி வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், போனையும் தாளையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். கீழே வந்த ஆட்டோவை மறித்து ஏறி, "ஸ்வல்ப பேகா ஹோகி அண்ணா" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினாள். கூட்டத்துக்குள் புகுந்து போக இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் நோயலை, பப்பாளி இலையை, அதைச் சொல்லிக்கொடுத்தவனை, எல்லோரையும் மனசுக்குள் வறுத்து எடுத்தாள்.

மூடியிருந்த கடை வாசலில், காவிப் புடவையில், வெறுங்காலோடு ரூபினி சுவரில் சாய்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடினாள். காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்று கேட்டபோதுதான் தெரிந்தது. ரெமிஜியஸ் அவளைத் தூக்கிக்கொள்ள, அதே ஆட்டோவில் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ரத்த அழுத்தத்தின் மேல் அளவு தொண்ணூறு, கீழ் அளவு எழுபத்தாறு. இரண்டும் ஒட்டிக்கொள்ளப் பார்த்தன. தமயந்தி கொண்டுவந்த இரண்டு எண்களையும் டியூட்டி டாக்டர் ஒருமுறை பார்த்தார், உடனே சலைனைத் திறந்துவிட்டார். மணி மூன்றாகும்போது நாடி கைக்குத் தென்பட்டது. நான்கு மணிக்கு ரூபினி சிறுநீர் கழித்தாள் என்று நர்ஸ் வெளியே வந்து சொன்னபோது, ரெமிஜியஸ் வராந்தாவில் குந்தி அழுதான். இன்னும் கொஞ்சம் நேரம் ஆகியிருந்தால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் தமயந்திக்குப் பீறிட்டது.

"உனக்குப் புத்தி இருக்குதா? வாந்தி எடுக்கிற பொண்ண வெயில்ல வெறுங்கால்ல நடக்க வெச்சினு வரியே! போலாம்னு யாருய்யா சொன்னது?"

ரெமிஜியஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவன் முகத்தில் குற்றம்சாட்டுகிற தோரணை எதுவும் இல்லை. போனைத் திறந்து, அவளுக்குத் தெரியும்படி நீட்டினான்.

"ரிப்போர்ட் வரட்டும், பாத்துட்டுப் போலாம்னுதான்க்கா ஊட்லயே உக்காந்துனு இருந்தோம். நீங்கதானே அனுப்பினீங்க."

காலை ஒன்பது இருபத்திரண்டு. *ரூபினி. பிளேட்லெட் 1,05,000.* பக்கத்தில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல்.

தமயந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலைக் கூட்டத்தில், மூன்று வரி மேலே இருந்ததைப் பார்க்காமல், அவள் விரலே அழுத்திய விரல். வழியெல்லாம் வறுத்த ஆட்களின் வரிசையில் தன் பெயரைச் சேர்க்க மறந்திருந்தாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக வந்தது. இன்று காலை அவள் போட்ட கட்டைவிரல் ஒன்றல்ல, பதினான்கு.

கையிலிருந்த லேப் போன் அடித்தது. நோயல்.

"நீ பாட்டுக்கு லேப விட்டுட்டுப் போனா என்னம்மா அர்த்தம்? இங்க பிளேட்லெட் எவ்ளோன்னு உயிர எடுக்கறாங்க…"

"சார், கத்தறத அப்பறம் கத்துங்க. என் டேபிள்மேல ரிப்போர்ட்டுங்க இருக்குது, எடுங்க."

"என்னது?"

"இன்னும் பதிமூணு பேருக்குக் கட்டைவிரல் போட்டுருக்கேன். ஒவ்வொருத்தரா பேரச் சொல்லி பி.சி.வி. படிங்க. முந்துன தடவ எவ்ளோன்னும் பாத்துச் சொல்லுங்க. இப்பவே. டாக்டர் வர்ற வரிக்கும் நான் காத்துனு இருக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு தாள் புரள்கிற சத்தம் கேட்டது.

"சேஷகிரி" என்று படித்தார் நோயல். "நாற்பத்தொன்பது."

"முந்துன தடவ?"

"இரு… நாற்பது."

"அவர் போன் நம்பரச் சொல்லுங்க சார்" என்றாள் தமயந்தி. நர்ஸின் மேசையிலிருந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதத் தொடங்கினாள்.