கிழக்கு வாசலில் மரத்தடிகள்

ஜெர்மனியில் லெர்ச்சன்வேர்த் ஊர் மதிலின் கிழக்கு வாசலை அடைத்துக் கிடந்த மரத்தடிகளை இழுத்து வந்தவை அஃப்ரா செங்கர்லேயின் குதிரைகள்தாம். மோரிட்ஸ், லூக்ஸ் என்று இரண்டு. பீர் பீப்பாய் வண்டி இழுத்துப் பழகிய முரட்டு உடம்புகள். புருஷன் ரஷ்யாவில் செத்த பிறகு மதுச்சாலையையும் வண்டியையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். 1945 மார்ச் மாதத்தில் ஊரின் நாஜிக் கட்சித் தலைவன் ஹூகோ போபிங்கர் வந்து, "குதிரைங்க வேணும், மேலிடத்து உத்தரவு" என்றபோது பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிப் போனாள். அமெரிக்க டாங்கிகளை மறிப்பதற்காம். வாசல் கோபுரத்தின் வளைவுக்கு அடியில் ஆள் உயரத்துக்குத் தடிகளை அடுக்கி, இடுக்கெல்லாம் மண்ணைக் கொட்டி இறுக்கினார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை, ஆற்றுக்கு மேல்பக்கத்துக் கிராமத்திலிருந்து அவளுடைய நாத்தனார் சென்சி தள்ளுவண்டியோடு வந்து சேர்ந்தாள். தலைமுடி ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது.

"எங்க ஊர்லயும் இப்படித்தான் அடைச்சு வச்சானுங்க, அண்ணி. நம்ம ஆளுங்க ரெண்டு வேட்டு போட்டானுங்க. அமெரிக்கக்காரங்க பீரங்கியால பதில் சொன்னாங்க. தெருவே இல்ல இப்போ. ரொட்டிக்கடைக்காரர் சரணடையறோம்னு ஜன்னல்ல வெள்ளத் துணி கட்டுனாரு. ஹிட்லரோட எஸ்.எஸ். படை ஆளுங்க அவரக் கோயில் வாசல் மரத்துலயே தொங்க விட்டுட்டானுங்க."

அஃப்ரா அவளுக்குச் சூப்பை ஊற்றிக் கொடுத்தாள். அவள் குடித்து முடித்ததும் எழுந்து, சமையலுக்குக் கட்டியிருந்த முன்துணியை அவிழ்த்துக் கொக்கியில் மாட்டினாள்.

"நான் இழுத்து அடைச்சது. நானே இழுத்துத் திறக்கறேன்."

"தூக்குல போட்டுருவானுங்க, அண்ணி!"

"ஒருத்தின்னா போடுவான். ஊர்ப் பொம்பளைங்க மொத்தமும் போய் நின்னா எத்தன பேரப் போடுவான்? அவ்வளவு கயிறு அவன்கிட்ட இல்ல."

நல்ல வெயிலில், நட்ட நடுத்தெருவில் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிட்டாள். "ரோசா, ரம்பத்த எடுத்துக்கிட்டு வா! மரியானே, மண்வெட்டி இருக்கா? வீடு வேணும்னா வெளிய வாங்கடி!" முதலில் ஜன்னல்கள்தான் திறந்தன. அப்புறம் கதவுகள் திறந்தன. கிழக்கு வாசலை எட்டும்போது பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்திருந்தது.

தடுப்பைக் காவல் காத்தது சார்ஜண்ட் தீலேயும் அவன் கீழிருந்த சில சிப்பாய்களும். தீலே ஹாம்பர்க்காரன். குண்டுவீச்சில் குடும்பத்தை இழந்தவன். ஒரு காலைச் சற்றே இழுத்து நடப்பான். மூன்று நாளாக அஃப்ராவின் மதுச்சாலையில்தான் சாப்பாடு.

"என்னம்மா இதெல்லாம்?"

"இந்த மரத்தடிங்கள எடுக்கப்போறோம், சார்ஜண்ட்."

"இதக் காவக் காக்கச் சொல்லி எனக்கு உத்தரவு."

"தாராளமா காத்துக்கிட்டு இருங்க. சுடறதா இருந்தா மட்டும் இப்பவே சுட்டுடுங்க. அரை வேலையில நிறுத்தறது எனக்குப் பிடிக்காது."

தீலே அவளை உற்றுப் பார்த்தான். பிறகு தடுப்புக்கு முதுகைக் காட்டிச் சிப்பாய்கள் பக்கம் திரும்பி, பைப்பில் புகையிலை அடைக்கத் தொடங்கினான்.

மண் சரிந்தது. சங்கிலி கட்டி முதல் தடியை இழுத்தாயிற்று, இரண்டாவதும் ஆயிற்று. அப்போதுதான் கட்சியின் பழுப்புச் சீருடையில் ஹூகோ ஓடி வந்தான். முகம் சிவந்து, கையில் கைத்துப்பாக்கி.

"இது தேசத்துரோகம்! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

"உன் பொண்டாட்டி பிள்ளைங்கள நேத்தே மலைப்பக்கம் அனுப்பிட்டியாமே, ஹூகோ?" என்று கத்தினாள் ரோசா. "உன் வீட்டுக்கு மலை, எங்க வீட்டுக்கு பீரங்கியா?"

சிரிப்பு எழுந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த ஊரில் யாரும் அவன் முகத்துக்கு எதிரே சிரித்ததில்லை.

"நிறுத்து, அஃப்ரா!"

"நிறுத்த மாட்டேன். பள்ளிக்கூடத்துலயே உன் பேச்சக் கேட்டதில்ல. இப்போ எதுக்குக் கேக்கணும்?"

சுட்டான். லூக்ஸ் முன்னங்காலில் மடிந்து, சங்கிலியோடு பக்கவாட்டில் சாய்ந்தது. மோரிட்ஸ் மிரண்டு எகிறியது. அஃப்ரா அதன் கடிவாளத்தில் தொங்காத குறையாகப் பிடித்து நிறுத்தினாள்.

அவள் மண்டியிட்டு லூக்ஸின் நெற்றியில் கை வைத்தாள். உயிர் போய்விட்டது. நெஞ்சுக்குள் என்னவோ முறிந்தது போல இருந்தது. ஆனால் பயம் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தால் அது அங்கே இல்லை. வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். சங்கிலியின் முனையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு குதிர கொறஞ்சிடுச்சு," என்றாள். "யாரு வர்றீங்க?"

சென்சிதான் முதலில் வந்தாள். பிறகு ரோசா, மரியானே, பாதிரியார் வீட்டுச் சமையல்காரி என்று சங்கிலியில் கை வைக்க இடமில்லாமல் போயிற்று. ஒரு பக்கம் மோரிட்ஸ், இன்னொரு பக்கம் பெண்கள். மூன்றாவது தடி முனகிக்கொண்டு நகர்ந்தது.

"சுடு!" ஹூகோ தீலேயைப் பார்த்து அலறினான். "சார்ஜண்ட், இவளுகளச் சுடு!"

தீலே காலை இழுத்துக்கொண்டு நடந்து வந்தான். குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவது போல ஹூகோவின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டான். "நான் டாங்கியச் சுட வந்தவன்யா," என்றான். சிப்பாய்கள் இருவர் ஹூகோவைக் கோபுரத்தின் கீழறையில் தள்ளிப் பூட்டினார்கள். மற்றவர்கள் துப்பாக்கிகளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தடிகளுக்குத் தோள் கொடுத்தார்கள்.

மதியத்துக்குள் வாசல் திறந்துவிட்டது. எஸ்.எஸ். ஆட்கள் வந்துவிடுவார்களோ என்று மாலைவரை எல்லோரும் தெருக்கோடியைப் பார்த்தபடியே இருந்தார்கள். வரவில்லை, அவர்கள் டான்யூப் நதியைக் கடந்து, பின்னால் பாலத்தைத் தகர்த்துவிட்டு ஓடியிருந்தார்கள். லூக்ஸைக் கறிக்கடைக்காரி வெட்டி வீட்டுக்கு வீடு பங்கு வைத்தாள். பசித்த ஊர் நன்றாகச் சாப்பிட்டது. அஃப்ரா தன் பங்கைச் சென்சியிடம் கொடுத்துவிட்டு, லாயத்தில் மோரிட்ஸின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அமெரிக்க டாங்கிகள் வந்தன. அஃப்ரா கம்பில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி வாசலில் நின்றாள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. டாங்கியின் மேல் உட்கார்ந்திருந்த சிப்பாய் அவளைப் பார்த்துச் சிரித்து ஒரு சிகரெட் பெட்டியை வீசினான். எதிர்ப்பக்கம் தீலேயும் அவன் ஆட்களும் கையைத் தலைமேல் வைத்தபடி கைதிகளாக நடந்து போனார்கள். அஃப்ரா நேராகப் போய் அந்தப் பெட்டியைத் தீலேயின் சட்டைப் பையில் செருகினாள். கைதிகளை ஓட்டிப்போன அமெரிக்கக் காவலாள் ஏதோ கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சண்ட முடிஞ்சதும் வாங்க, சார்ஜண்ட்," என்றாள். "வண்டி ஓட்ட எனக்கு ஒரு ஆள் வேணும்."