மூன்றாவது விரியன்

“விரியன்னு தெரிஞ்சும் அவளக் கூட்டிட்டுப் போயிருக்கியளே மதினி, ஒங்களுக்குக் கொஞ்சமாவது...”

“பிணையுற நேரத்துல எந்தப் பாம்பும் கொத்தாதுன்னுதான் தம்பி...”

“ஆமா, அது ஒங்ககிட்ட வந்து சொல்லிட்டுப் போச்சாக்கும்!”

கோவில்பட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் முத்துசெல்வம் போட்ட சத்தத்துக்கு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். வேலுத்தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். உள்ளே கிடப்பது அவளுடைய தங்கை, அவனுடைய பெண்டாட்டி சுதாராணி. கல்யாணமாகி ஏழு வருஷம். மூன்று கரு தங்காமல் போயிருந்தது.

முந்தின நாள்தான் வேலுத்தாய் அதைப் பார்த்தாள். நாகலாபுரத்துக் கரிசலில் கொத்தமல்லிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ஓடையோரம் இரண்டு கண்ணாடி விரியன்கள், கயிறு முறுக்கினது போல் பின்னிக்கொண்டு முழ உயரத்துக்கு எழுந்தன. ஒன்றை ஒன்று அழுத்தும், பொத்தென்று விழும், மறுபடி எழும். கடி இல்லை, சீறலும் இல்லை. களைக்கொத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். பிணையும் பாம்பின் மேல் புதுத்துணி விரித்து, அந்தத் துணியை எடுத்துப் பெட்டியில் வைத்தால் கரு தங்கும் என்பார்கள் ஊரில். இன்று காலையும் அதே இடத்தில் அவை எழுந்து நின்றதும், ஓடிப்போய்த் தங்கையை அழைத்துவந்தாள். பொங்கலுக்கென்று முத்துசெல்வம் எடுத்து வைத்திருந்த வேட்டியோடு வந்தாள் சுதாராணி.

வேட்டி சரியாக அவற்றின் மேல் விழுந்தது. இரண்டும் பிரிந்து திசைக்கொன்றாக மறையும்வரை அக்காளும் தங்கையும் அசையவில்லை.

“போய் எடுத்துக்கடி” என்றாள் வேலுத்தாய்.

குனிந்து நீட்டிய கையில், மண்வெடிப்பை ஒட்டிக் கிடந்த இன்னொன்று கொத்தியது. அத்தனை நேரமும் அது அங்கேயேதான் கிடந்திருக்கிறது. இரண்டு நாள் கண் கொட்டாமல் பார்த்த வேலுத்தாய், எழுந்ததைத்தான் பார்த்தாள், கிடந்ததைப் பார்க்கவில்லை.

வெளியே வந்த டாக்டர் நடந்ததைக் கேட்டுக்கொண்டார்.

“அது பிணையுறது இல்லம்மா. ரெண்டும் ஆம்பளப் பாம்பு. பக்கத்துல கெடந்த பொட்டைக்காகச் சண்ட போட்டிருக்கு. ரெண்டு நாள் போகட்டும், அப்புறந்தான் எதுவும் சொல்ல முடியும்.”

முத்துசெல்வம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். “அவகிட்ட இதச் சொல்லீராதீய மதினி” என்றான்.

வேலுத்தாய் உள்ளே போனாள். தங்கையின் கை தோள்வரை வீங்கி மினுங்கியது. கட்டிலோரம் தொங்கிய பையில் மூத்திரம் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. சுதாராணி கண்ணைத் திறந்து, வறண்ட உதட்டோடு சிரித்தாள்.

“வேட்டி ரெண்டு மேலயுந்தான விழுந்துச்சி? இனி தங்கிரும்லாக்கா?”